பேபி லம்போ: சொல் விளக்கம்

இத்தாலியின் லம்போர்கினி நிறுவனம் 2003ஆம் ஆண்டு ஜெனீவா கண்காட்சியில் அறிமுகம் செய்த கயார்தோ காருக்கு ஆர்வலர்கள் இட்ட செல்லப்பெயர் 'பேபி லம்போ'. 'லம்போ' என்பது நிறுவனப் பெயரின் குறுக்கம். அப்போது விற்பனையில் இருந்த அதே நிறுவனத்தின் 12 சிலிண்டர் கார் முர்சியேலகோவைவிட நீளத்திலும் விலையிலும் எஞ்சின் அளவிலும் சிறியது என்பதால் 'பேபி' என்ற அடை சேர்ந்தது. வலுவற்றது என்ற பொருள் அச்சொல்லுக்கு ஒருபோதும் இருந்ததில்லை.

இருக்கைகளுக்குப் பின்னால் கிடக்கும் 5 லிட்டர், 10 சிலிண்டர் எஞ்சின் தொடக்கத்திலேயே 500 குதிரைத்திறனைத் தந்தது. நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 4.2 விநாடியில் தொட்டு, மணிக்கு 309 கிலோமீட்டர் வரை சென்றது. கையால் கியர் மாற்றும் வகையில், பளபளக்கும் உலோகத் தட்டில் வெட்டிய பள்ளங்களுக்குள் கியர்த் தண்டு நகரும்போது 'டக்' என்று உலோகம் மோதும் ஓசை தெளிவாகக் கேட்கும். இத்தாலியக் காவல்துறையும் 2004இல் இக்காரைப் பெற்று, ரோந்துக்கு மட்டுமன்றி, மாற்று அறுவைக்கான உடல் உறுப்புகளை விரைந்து கொண்டு செல்லவும் பயன்படுத்தியது.

இனி இயற்பெயருக்கு வருவோம். Gallardo என்ற எழுத்தைப் பார்த்துப் பலர் 'கல்லார்டோ' என்கின்றனர். ஸ்பானிய மொழியில் இரட்டை எல் பெரும்பாலும் யகரமாக ஒலிப்பதால் 'கயார்தோ' என்பதே நெருக்கமான ஒலிப்பு. மிடுக்கும் துணிவும் உடையவன் என்பது அச்சொல்லின் பொருள். ஆயினும் காருக்குப் பெயர் வந்தது, 18ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் கயார்தோ குடும்பத்தார் வளர்த்த சண்டைக் காளை இனத்திலிருந்துதான். இந்நிறுவனத்தின் புகழ்பெற்ற 1966ஆம் ஆண்டு மாதிரிக்குப் பெயர் தந்த மியூரா காளைகளின் மூலக் குருதிகளுள் கயார்தோவும் ஒன்று. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் பெயரன், அதாவது பேரன் என்று நாம் சொல்வதுபோல, இளையதாகக் கருதப்பட்ட காருக்கு மூதாதையின் பெயர் வாய்த்திருக்கிறது.

தமிழில் 'குழந்தை லம்போ' என்பது வெறும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. 'குட்டி லம்போ' நாவுக்கு எளிது. ஆனால் ஆட்டின் இளமைக்குக் குட்டி, மாட்டின் இளமைக்குக் கன்று என்பது நம் மரபு, காளையைச் சின்னமாகக் கொண்ட நிறுவனத்துக்கு அது ஒட்டவில்லை. கன்று என்றாலோ 500 குதிரைத்திறன் இடிக்கும். ஆகவே 'இளங்காளை' என்பதே தகும் என்பது என் துணிபு. கன்றுப் பருவம் கடந்து முழு வலுவோடு நிற்பதை அது குறிக்கிறது. கட்டிளம் பருவத்தைக் 'காளைப் பருவம்' என்னும் வழக்கும் துணை நிற்கிறது. 2014இல் கயார்தோவின் இடத்துக்கு 610 குதிரைத்திறனுடன் வந்த ஹுராக்கானும், 1879இல் ஸ்பெயினின் அலிகாந்தே நகரக் காளைச் சண்டைக் களத்தில் நின்ற ஒரு காளையின் பெயரையே கொண்டிருப்பதால், அதையும் தடையின்றி இளங்காளை எனலாம்.