அந்த 40 நிமிடம்

பெங்களூரில் அவசர சிகிச்சை மருத்துவராக இருக்கிறேன். ஞாயிறு விடியற்காலைப் பணி என்றாலே எனக்கு அடிவயிறு கலங்கும். கோரமங்கலா, இந்திராநகர்ப் பக்கம் சனி இரவு விருந்துகள் முடிகிற நேரம் அது.

அப்படி ஒரு விடியலில் மூன்று பையன்கள் தங்கள் நண்பனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். சேலத்துப் பக்கத்துப் பையன், மென்பொருள் வேலை. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பல் கிட்டியிருந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது: 41.6 டிகிரி செல்சியஸ்.

"என்ன சாப்பிட்டான்?"

"பீர் மட்டும்தான், டாக்டர்."

பீர் குடித்தவனுக்கு இப்படிக் கொதிக்காது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ் பைகளை வைத்தோம்; ஈரத்துணி போர்த்தி மின்விசிறியைத் திருப்பினோம். மூளைக்காய்ச்சலா, வெறும் வலிப்பா என்று தேடிக்கொண்டே இருந்தோம். மூவரில் இளையவனைத் தனியே அழைத்து, "தம்பி, உன்னைப் பிடித்துக்கொடுக்க நான் கேட்கவில்லை. அவன் பிழைக்கவேண்டும்" என்றேன். உடைந்து அழுதான். எம்.டி.எம்.ஏ என்ற போதை மாத்திரை. முதல் மாத்திரை ஏறவில்லை என்று அரை மணியில் இன்னொன்று. இதைச் சொல்ல அவர்களுக்கு 40 நிமிடம் ஆகியிருந்தது.

அந்த மாத்திரை ஏறவே அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். அதற்குள் அடுத்ததைப் போடுவதுதான் பல பேரைச் சாய்க்கிறது. அது மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளைக் கொட்டவைக்கிறது. உடல் தன் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் திறனை இழக்கிறது. நெரிசலில் மணிக்கணக்கில் ஆடினால் தசைகளே சிதையும். அந்தச் சிதைவு சிறுநீரகத்தை அடைக்கும். எங்கள் பையனின் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வந்தது. டயாலிசிஸ் செய்துதான் காப்பாற்றினோம். பாரசிட்டமால் இந்தச் சூட்டைத் தணிக்காது. பயந்துபோய்க் குடம் குடமாய்த் தண்ணீர் குடிப்பதும் ஆபத்து: ரத்தத்தில் சோடியம் இறங்கி மூளை வீங்கும்.

இன்னொன்று, மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. எம்.டி.எம்.ஏ என்ற பெயரில் மெத்தம்பெட்டமைன் என்ற வேறு போதைப்பொருள் வரலாம், 2015இல் தடைசெய்யப்பட்ட மெபெட்ரோன் வரலாம். மயக்க மருந்தான கெட்டமினைப் போதைக்காகத் தொடர்ந்து எடுத்தவர்களுக்குச் சிறுநீர்ப்பை சுருங்கி, கால் மணிக்கொரு முறை ரத்தமாய்ப் போவதும் உண்டு. இருபதுகளில் இருக்கும் பிள்ளைகள்!

தோழனின் உடல் கொதித்தாலோ, பிதற்றினாலோ, வலிப்பு வந்தாலோ "தூங்கினால் சரியாகிவிடும்" என்று அறையில் கிடத்தாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், 108ஐ அழையுங்கள், மீதி மாத்திரை இருந்தால் அதையும் கொண்டுவந்து காட்டுங்கள். எதை, எத்தனை, எப்போது என்று வாசலிலேயே சொல்லுங்கள். போலீசுக்குத் தகவல் போகக்கூடும், மறைக்கவில்லை. ஆனால் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு போதைப்பொருள் வழக்கில் சிக்கிய, போதைக்கு அடிமைப்பட்டவர் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. விட முடியாமல் தவிப்பவர்களுக்கு 14446 என்ற இலவச எண் இருக்கிறது. இங்கே பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போதைமீட்புக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. அந்தச் சேலத்துப் பையனையும் அங்கேதான் அனுப்பினேன். அவன் அம்மா உடன் போனார்.