டிபார்ட்மென்ட் மாறலாமா?

செமஸ்டர் ரிசல்ட் வந்த வாரத்தில் என் அறை வாசலில் செருப்புகள் குவிந்துவிடும். பொறியியல் கல்லூரி ஒன்றில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். அந்த வாரம் வருகிற பிள்ளைகள் பலரும் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள்: "மேடம், இந்த டிபார்ட்மென்ட் எனக்கு செட் ஆகல."

எந்த டிபார்ட்மென்ட் என்று நான் உடனே கேட்பதில்லை. எத்தனையாவது வருடம் என்றுதான் கேட்பேன். முதல் வருடம் என்றால், தம்பி, நீ இன்னும் உன் டிபார்ட்மென்டைப் பார்க்கவே இல்லையே என்பேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் செமஸ்டரில் மெட்ரிக்ஸும் கால்குலஸும், இன்ஜினியரிங் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பைத்தான், ஆங்கிலம், தமிழர் மரபு. மெக்கானிக்கல் பையனும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பெண்ணும் படித்தது இதையேதான். தெர்மோடைனமிக்ஸ், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் எல்லாம் மெக்கானிக்கலுக்கு மூன்றாம் செமஸ்டரில்தான் வந்தன. ஆக, முதல் வருடத்தில் "மெக்கானிக்கல் பிடிக்கவில்லை" என்று ஒருவன் சொன்னால், பிடிக்காமல் போனது வேறு ஏதோ ஒன்று. கணக்காக இருக்கலாம், ஹாஸ்டலாக இருக்கலாம், கூடப் படித்தவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் போய்விட்ட வருத்தமாகவும் இருக்கலாம்.

அந்த வேறு ஏதோ ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். இ.இ.இ., அதாவது எலக்ட்ரிக்கல், இரண்டாம் வருடம், மூன்று பேப்பர் அரியர். படிப்பை விட்டுவிட்டு, கேமராவும் ஊடகமும் சொல்லித்தரும் விஸ்காம் சேரப்போவதாக முடிவு செய்துகொண்டு வந்திருந்தான். நோட்டைக் காட்டச் சொன்னேன். போர்டில் இருந்ததை வரி விடாமல் எழுதியிருந்தான். ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் இம்பீடன்ஸ், சஸெப்டன்ஸ், ரெசிப்ராசிட்டி என்று ஒவ்வொரு சொல்லுக்கும் உச்சரிப்பு, தமிழில். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். எலக்ட்ரிக்கல் சீனியர் ஒருவனை வரச்சொல்லி, பழைய வினாத்தாளில் இருந்து ஒரு சர்க்யூட் கணக்கைத் தமிழில் விளக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு நம் ஆள் அதைத் தானாகவே போட்டு முடித்தான். அவனுக்குக் கணக்கு வந்தது, கேள்வித்தாள்தான் புரியவில்லை. விஸ்காமுக்குப் போயிருந்தாலும் பாடங்கள் ஆங்கிலத்தில்தானே இருக்கும்? அரியர் இப்போது ஒன்றுதான் மிச்சம். கேமரா ஆசையும் பொய்யில்லை, கல்லூரி விழா என்றால் போட்டோ எடுப்பது அவன்தான்.

மாறாக, அரியரே இல்லாமல், நல்ல மார்க்கும் வைத்துக்கொண்டு ஒருவர் வந்து "மாறணும்" என்றால் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். அங்கே தோல்விக்குப் பயந்து ஓடும் கதை இல்லை. அப்படி வந்தவள் ஒரு சிவில் மாணவி. பாலம் கட்டுவதைவிட, பாலம் கட்டப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் அவளுக்கு ஆர்வம். பட்ஜெட் அன்று லேப் ரெக்கார்டை மூடி வைத்துவிட்டு உரையைக் கேட்பவள். "உனக்கு என்ன பிடிக்கும்?" என்ற கேள்வியை நான் அதிகம் நம்புவதில்லை. யாரும் சொல்லாமல், மார்க்கும் இல்லாமல், எதைப் படித்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டால் பதில் சட்டென்று வந்துவிடும், அல்லது வரவே வராது.

சரி, மாறத்தான் வேண்டும் என்று தெரிந்துவிட்டது. எப்போது மாறுவது? நம் ஊர் அமைப்பில் இதற்கு நல்ல நேரங்கள் இரண்டுதான் என்பது என் கருத்து. ஒன்று முதல் வருடத்துக்குள், மற்றொன்று பட்டம் வாங்கிய பிறகு. நடுவில் மாறுவதுதான் விலை அதிகம்.

முதல் வருடத்திலேயே விலகினால் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை வைத்து அடுத்த வருடக் கவுன்சிலிங்கில் மறுபடி விண்ணப்பிக்கலாம். அப்பாவின் பிடிவாதத்தால் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்த பையன் ஒருவன், பயோ மேத்ஸ் குரூப் படித்தவன், அப்படித்தான் வெளியேறி அடுத்த வருடம் அக்ரி சேர்ந்தான். ஆனால் பணம் திரும்பி வருவது தேதியைப் பொறுத்தது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கும் முன்போ விலகினால் முழுக் கட்டணமும் திரும்பும், அதில் 5 சதவீதம் மட்டும், அதிகபட்சம் 5,000 ரூபாய், பிடித்துக்கொள்ளலாம். 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். தேதி கடந்து 15 நாள் வரை 80, 30 நாள் வரை 50, அதற்குப் பிறகு ஒன்றும் வராது. தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு, அவற்றை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇயும் இதற்கென விதிகள் வெளியிடுகிறது, சேர்ந்த வருடத்துக்குரியதைப் படித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். டிசி கேட்டுப் போகும்போது "மிச்ச மூணு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிக்கோ" என்று சொல்லும் கல்லூரிகள் இருக்கின்றன. ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, படிக்காத வருடங்களுக்குக் கட்டணம் கேட்கக் கூடாது என்பதுதான் விதி. இதைத் தெரிந்துகொண்டு போகும் பெற்றோரிடம் அலுவலகத்தில் பேசும் தொனியே வேறாக இருக்கும்.

மூன்றாம் வருடத்தில் விலக நினைப்பவர்கள் விஷயம் வேறு. இங்கேதான் அப்பாக்கள் உள்ளே வருகிறார்கள். தாராபுரம் பக்கத்தில் இருந்து வந்த ஒருவர், மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க மேடம், ரெண்டு வருசக் காசு கட்டியாச்சுங்க. இப்பப் போயி வேண்டாங்கறானே?" கட்டிய காசு போனது போனதுதான், இவன் இருந்தாலும் வராது, போனாலும் வராது, அதைக் கணக்கில் இருந்தே எடுத்துவிடுங்கள் என்றேன். இனிமேல் ஆகப்போகும் செலவை மட்டும் பாருங்கள். இங்கே மிச்சம் இரண்டு வருடம். புதிதாகச் சேர்ந்தால் மூன்று வருடம், அதுவும் முதலில் இருந்து. இப்போது நிறுத்தினால் அவன் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவன். முடித்துவிட்டால் பட்டதாரி. டிஎன்பிஎஸ்சி குரூப் 1, வங்கித் தேர்வு, யூபிஎஸ்சி, மூன்று வருடச் சட்டப்படிப்பு, எம்பிஏ எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு பட்டம் இருந்தால் போதும், எந்த டிபார்ட்மென்ட் என்று யாரும் கேட்கப்போவதில்லை. மகன் பக்கம் திரும்பி அரியரை மட்டும் முடித்துவிட்டு வெளியே போ என்றேன். இருவருக்குமே அந்தப் பதில் முழுத் திருப்தி தரவில்லை. பரவாயில்லை.

விதிவிலக்கும் உண்டு. தூக்கம் போய், சாப்பாடு போய், வகுப்புக்குள் நுழைந்தாலே கை நடுங்குகிற பிள்ளையை "இன்னும் ரெண்டு வருஷம்தானே" என்று தள்ளக் கூடாது. முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். படிப்பைப் பற்றிய முடிவை அப்புறம் எடுக்கலாம், செமஸ்டர் பிரேக் கேட்கவும் வழி இருக்கிறது.

படிப்பை முடிக்கும் அந்த இரண்டு வருடம் வீணாகப் போக வேண்டியதில்லை. போக நினைக்கும் துறையை இங்கே இருந்தபடியே சோதித்துப் பார்க்கலாம். ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல்லில் பாடங்களைக் கேட்பது இலவசம், தேர்வு எழுதினால்தான் பணம். பொருளாதாரமோ தத்துவமோ டேட்டா சயின்ஸோ, 12 வாரப் பாடம் ஒன்றை அசைன்மென்ட் விடாமல் முடித்துப் பாருங்கள். நான்காவது வாரத்திலேயே பாதிப் பேருக்கு ஆசை அடங்கிவிடும். அதுவும் நல்லதுதான், ஒரு வருடக் கட்டணம் மிச்சம். 2021 பாடத்திட்டத்தில் கூடுதலாக 18 கிரெடிட் எடுத்து, வேறு துறையில் துணைத் தகுதியாக மைனர் பட்டம் வாங்கவும் வழி இருக்கிறது. 2022ல் இருந்து ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கவும் யுஜிசி அனுமதிக்கிறது. அப்படிக் கல்லூரியில் ஒன்றும் சென்னை ஐஐடியின் ஆன்லைன் பிஎஸ் டேட்டா சயின்ஸ் படிப்புமாக இரண்டையும் இழுத்துக்கொண்டு போகும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். சிலருக்குச் சரிவருகிறது, சிலருக்கு இரண்டிலும் அரியர்.

சோதிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு என் சொந்தத் துறையே சாட்சி. "உங்களை மாதிரி சைக்காலஜி படிக்கணும் மேடம்" என்று வருகிறவர்கள் எக்கச்சக்கம். அதில் பலரும் கணக்குக்குப் பயந்து வருபவர்கள். எம்.எஸ்ஸி. சைக்காலஜி சிலபஸை எடுத்து ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரைக் காட்டுவேன், முகம் மாறிவிடும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட எம்.எஸ்ஸி. மட்டும் போதாது, இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த பயிற்சியும் பதிவும் வேண்டும் என்று சொன்னால் இன்னும் கொஞ்சம் மாறும். அதற்குப் பிறகும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் டீ சொல்வேன்.

பட்டத்துக்குப் பிறகு திறக்கும் கதவுகள் பத்து வருடத்துக்கு முன்பு இருந்ததைவிட இப்போது அதிகம். எம்.டெக். போன்ற மேற்படிப்புகளுக்கான கேட் தேர்வில் 2021ல் ஹ்யூமானிட்டீஸ் மற்றும் சமூக அறிவியலுக்கு ஒரு பேப்பர் சேர்த்தார்கள். பொருளாதாரம், ஆங்கிலம், மொழியியல், தத்துவம், உளவியல், சமூகவியல் எல்லாம் அதில் அடக்கம். 2024ல் டேட்டா சயின்ஸுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் தனி பேப்பர் வந்தது. மூன்றாம் வருடத்தில் இருந்தே எழுதலாம், மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். அந்த சிவில் மாணவி பட்டத்தை முடித்துவிட்டுப் பொருளாதாரத்தில் எம்.ஏ. சேர்ந்தாள்.

ஆனால் ஆசிரியர் வேலைதான் குறிக்கோள் என்றால் இந்தக் கதவில் ஒரு கண்ணி இருக்கிறது. தமிழ்நாட்டில் "கிராஸ் மேஜர்" என்று சொன்னாலே போதும், ஆசிரியர் தேர்வு வாரியத்தின் டிஆர்பி தேர்வு எழுதியவர்களுக்குப் புரிந்துவிடும். அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாகவோ, அதற்கு இணை என்று அரசாணை போட்ட பாடமாகவோ இருக்க வேண்டும். பி.எஸ்ஸி. கணிதம் படித்து எம்.ஏ. ஆங்கிலத்தில் முதல் வகுப்பு வாங்கியவர், தேர்வில் மார்க் எடுத்தும் சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியே நிற்பார். படிப்பின் பெயர் ஒரு சொல் மாறியிருந்தாலே இணைச்சான்று தேடி அலைய வேண்டியிருக்கும். மாறுவதற்கு முன்பு, போக நினைக்கும் வேலையின் கடைசி அறிவிக்கையை எடுத்துத் தகுதிப் பகுதியை வரிவரியாகப் படியுங்கள். சீட் கிடைத்த சந்தோஷத்தில் இதை யாரும் செய்வதில்லை.

ஆராய்ச்சிக்குப் போனவர்களுக்கு வெங்கி ராமகிருஷ்ணனைச் சொல்லலாம். சிதம்பரத்தில் பிறந்தவர். பரோடாவில் இயற்பியல் படித்து, அமெரிக்காவில் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் 1976ல் இயற்பியலிலேயே பிஎச்.டி. முடித்தார். முடித்த கையோடு, சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உயிரியலுக்கு மறுபடி மாணவராகவே போய்ச் சேர்ந்தார். இரண்டு வருடம் படித்தார், இரண்டாவது டாக்டர் பட்டம் வாங்காமலே யேல் பல்கலைக்கழகத்தில், செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் பற்றிய ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். அந்த ரைபோசோமுக்காக 2009ல் நோபல் பரிசு, அதுவும் வேதியியலில். எல்லோரும் நோபலைத்தான் சொல்வார்கள். நான் பிள்ளைகளுக்குச் சொல்வது நடுவில் உள்ள அந்த இரண்டு வருடத்தை. கையில் டாக்டர் பட்டம் இருந்தும் மாணவராக உட்காரச் சம்மதித்தவர். "நான் எம்.டெக். முடிச்சவன், மறுபடி அடிப்படையில இருந்தா?" என்று கேட்பவருக்குத் துறை மாற்றம் சரிப்படாது.

பிஎச்.டி. நடுவில் வருபவர்களிடம் நான் வேறு மாதிரி கேட்பேன்: வேண்டாம் என்பது துறையா, ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடா? பல நேரம் கைடுதான். 2022 யுஜிசி விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு வருடம். கைடை மாற்றிக்கொண்டு அதே துறையில் தொடர்ந்தால் அந்தக் கடிகாரம் ஓடியபடி இருக்கும், துறையையே மாற்றினால் பெரும்பாலும் புதுப் பதிவு. முதலில், ஆராய்ச்சியை மேற்பார்வையிடும் டாக்டோரல் கமிட்டியின் உறுப்பினர் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள்.

கடைசியாக, வீட்டில் சொல்வது. கல்விக்கடன் இருந்தால் வங்கி மேலாளரிடமும், முதல் பட்டதாரிச் சலுகையோ உதவித்தொகையோ இருந்தால் கல்லூரியின் ஸ்காலர்ஷிப் பிரிவிலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வீட்டில் எழும் முதல் கேள்வியே அதுதான். பிறகு ஒரே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்தப் படிப்பு, எந்த நுழைவுத் தேர்வு, எத்தனை வருடம், மொத்தம் எவ்வளவு செலவு, முடித்தால் என்ன வேலை, சீட் கிடைக்காவிட்டால் என்ன செய்வேன். அந்தச் சிவில் மாணவி அப்படித்தான் போனாள். அவள் அப்பா தாளை இரண்டு முறை படித்துவிட்டு, சென்னையில் ஹாஸ்டல் வாடகை இவ்வளவு குறைவாகப் போட்டிருக்கிறாயே என்றுதான் சண்டை போட்டாராம்.