வண்டிக் குடித்தனம்

பத்து நாளில் இது மூன்றாவது முறை. ஒரு காணொளியில் தமிழ்ப் பின்னணிக் குரல் சொல்கிறது: “இந்த அமெரிக்கத் தம்பதி மூன்று ஆண்டுகளாக முழுநேரமும் பொழுதுபோக்கு வாகனத்தில் வசிக்கிறார்கள்.” விஷயம் தெரியாதவர் காதில் இது எப்படி விழும்? ராட்டினத்தில் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும் இரண்டு பேர் கண்முன் வருவார்கள்.

அந்தப் ‘பொழுதுபோக்கு வாகனம்’ ஆங்கிலத்தில் ‘ரிக்ரியேஷனல் வெஹிகிள்’, சுருக்கமாக ஆர்வி. அமெரிக்காவிலும் கனடாவிலும் அப்படிச் சொல்வது, படுக்கை, அடுப்பு, கழிவறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே வைத்த வண்டியை. தானே ஓடுவதும் உண்டு, பிக்கப் டிரக்கின் பின்னால் இழுத்துப் போவதும் உண்டு. ‘ஃபுல்டைமர்’ என்றால் அதை விட்டால் வேறு வீடு இல்லாதவர். ஆர்வியில் உள்ள ‘ஆர்’ ரிக்ரியேஷன். லத்தீன் மூலத்தில் மறுபடி உண்டாக்குவது, களைப்பு நீங்கித் தெம்பு பெறுவது என்று பொருள். நம் பொழுதுபோக்கு அதுவல்ல, நேரம் போகாதவர் செய்கிற காரியம். ரிக்ரியேஷன் கிளப்பை ‘மனமகிழ் மன்றம்’ ஆக்கியவர் பொருளுக்குக் கொஞ்சம் பக்கத்திலாவது போனார். அதற்காக ‘மனமகிழ் வாகனம்’ என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

‘பொழுதுபோக்கு வாகனம்’ மீது என் பெரிய குறை வேறு. அதில் வீடே இல்லை. அமெரிக்க வெள்ளக் காப்பீட்டு விதிகளில் ஆர்விக்கு வரையறை உண்டு: ஒரே அடிச்சட்டத்தின் மேல் கட்டியது, 400 சதுர அடிக்கு மேற்படாதது, நிரந்தரக் குடியிருப்பாக அல்லாமல் தற்காலிகமாகத் தங்குவதற்கென்றே வடிவமைத்தது. வருமான வரித்துறையோ, படுக்கவும் சமைக்கவும் வசதியும் கழிவறையும் இருந்தால் அதையும் வீட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. வீட்டுக்கடன் வட்டிக்கான சலுகையை அதற்கும் கேட்கலாம். ஒரு விதிக்கு வண்டி, இன்னொரு விதிக்கு வீடு. தமிழ்ச் சொல்லில் இரண்டும் தெரிய வேண்டாமா?

சரி, வீடு வேண்டும் என்றதும் எல்லோரும் நீட்டுவது ‘நடமாடும் வீடு’. எனக்கு எரிச்சல் இதில்தான் அதிகம், ஏனென்றால் கேட்க நன்றாக இருக்கிறது. நடமாடும் நூலகம், நடமாடும் மருத்துவமனை என்று பழகிய காது உடனே ஒப்புக்கொள்ளும். அவையெல்லாம் நம்மைத் தேடி வந்து சேவை செய்பவை. இந்த வீடு யாரைத் தேடி வருகிறது? அதைவிடப் பெரிய சிக்கல், அது ‘மொபைல் ஹோம்’ என்பதன் நேர்பெயர்ப்பு. அமெரிக்காவில் மொபைல் ஹோம் வேறு பொருள். ஆலையில் செய்து, ஓரிடத்துக்கு இழுத்துவந்து வைக்கும் வீடு அது. வைத்த பிறகு பெரும்பாலும் அசையாது. அதற்கென்று கூட்டாட்சி அரசின் கட்டுமான விதிகள் 1976 ஜூன் 15 அன்று நடைமுறைக்கு வந்தன. அதற்குப் பின் கட்டியவற்றுக்குச் சட்டத்தில் பெயரே மாறிவிட்டது. பேச்சு வழக்கில்தான் பழைய பெயர் ஓடுகிறது. ஆக, ஆர்வியை ‘நடமாடும் வீடு’ என்று எழுதுகிறவர், நடமாடும் பொருளுக்கு நடமாடாத பொருளின் பெயரைக் கொடுக்கிறார்.

‘கேரவன்’ போதுமே என்பார்கள். பாரசீகத்தில் வணிகர் கூட்டம். பிரிட்டனில் காருக்குப் பின்னால் இழுக்கும் வீடு. தமிழிலோ படப்பிடிப்பில் நடிகர் ஓய்வெடுக்கும் வண்டி. “கேரவனிலேயே இருக்கிறார்” என்றால் ஷாட்டுக்கு வராமல் படுத்துகிறார் என்றுதான் நமக்குப் படும்.

என் ஓட்டு ‘வண்டிவீடு’க்கு. படகுவீடு என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, யாரும் குழம்புவதில்லை. திருப்பிப் போட்டு ‘வீட்டு வண்டி’ என்றால் வீட்டுக்குச் சொந்தமான கார் ஆகிவிடும். சுற்றுலாத் தலங்களில் படகுகளைக் கட்டிவைக்கும் இடத்துக்கு ‘படகு இல்லம்’ என்று பலகை தொங்குகிறதே, அந்தக் கணக்கில் வண்டிவீடு வண்டி நிறுத்தும் கொட்டகை ஆகாதா என்று ஒரு நண்பர் மடக்கினார். நியாயமான கேள்விதான். இல்லம் வேறு, வீடு வேறு என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் சமாதானமாகவில்லை.

அப்புறம் அந்த ‘முழுநேர’. தமிழில் இது வேலைக்கு ஒட்டும் சொல்: முழுநேர ஊழியர், முழுநேர எழுத்தாளர். “முழுநேரமும் வசிக்கிறார்கள்” என்றால் கடைக்குக்கூட இறங்கமாட்டார்கள் போலிருக்கிறது. ‘நாடோடி’யும் வேண்டாம். அரிசோனாவின் குவார்ட்ஸைட் பாலைவனத்தில் குளிர்காலத்தைக் கழிக்கிறவர்களுக்கும் ஓட்டுநர் உரிமமும் வரிக் கணக்கும் கடிதங்களும் உண்டு. முகவரிக்காகவே டெக்சஸ், ஃபுளோரிடா, தெற்கு டகோட்டா என்று ஒரு மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1978-இல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் என்ற ஆர்விக்காரர் சங்கம் டெக்சஸின் லிவிங்ஸ்டனிலிருந்து உறுப்பினர்களின் தபாலை அவர்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்பிவைக்கிறது. பொது நிலத்தில் பெரும்பாலும் 28 நாளில் 14 நாள்தான் ஒரே இடத்தில் தங்கலாம், ஆகவே நாளையும் எண்ண வேண்டும். கழிவுத் தொட்டி நிறைந்தால் காலி செய்ய இடம் தேட வேண்டும். இத்தனை தொல்லையும் சேர்ந்ததற்கு நம்மிடம் பழைய பெயர் இருக்கிறது: குடித்தனம். வண்டிக் குடித்தனம். நடத்துகிறவர் வண்டிக் குடித்தனக்காரர். குடித்தனக்காரர் என்றால் வாடகைக்கு இருப்பவர் என்றும் பொருள் உண்டு. முகாம் இடத்துக்கு வாடகை கட்டுகிறார்கள் என்பதால் அதுவும் முழுத் தவறில்லை.

மொழிபெயர்ப்பவர்கள் சொல்லுக்குச் சொல் வைக்கிறார்கள், பொருளை எட்டிப்பார்ப்பதில்லை. அதே காணொளியில் ‘கருப்புத் தண்ணீர்’ என்று வந்தது கழிவறைக் கழிவுநீர். ‘ஐந்தாம் சக்கர வாகனம்’ என்று கேட்டுவிட்டு நான் படத்தை நிறுத்திச் சக்கரங்களை எண்ணினேன். ஐந்தாம் சக்கரம் என்பது வண்டியை இழுக்க டிரக்கின் பின்தட்டில் பொருத்தும் இணைப்பு. குதிரைவண்டிக் காலத்தில் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கைவாட்டில் வைத்த சக்கரத்தின் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அந்த முதல் வாக்கியத்தை நான் எழுதியிருந்தால்: “இருந்த வீட்டை விற்றுவிட்டு, மூன்று வருஷமாக வண்டியிலேயே குடித்தனம் நடத்துகிறார்கள்.”