எலக்ட்ரிக் கார் இப்போதா, அப்புறமா? முதலில் வீட்டு எர்த்தைப் பாருங்கள்

வண்ணாரப்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் வீட்டு வயரிங் வேலை பார்க்கிறவன் நான். இப்போதெல்லாம் வேலைக்குப் போகிற வீட்டில் அடிக்கடி கேட்கிறார்கள்: "அண்ணே, எலக்ட்ரிக் கார் இப்பவே எடுக்கலாமா, ரெண்டு வருஷம் பொறுக்கலாமா?" நல்ல பேட்டரி வரும், விலை இறங்கும் என்பது அவர்கள் எண்ணம். இருக்கலாம். நான் திருப்பிக் கேட்பது வேறு. ராத்திரி கார் எங்கே நிற்கும்? உங்கள் மீட்டரிலிருந்து அங்கே வயர் வருமா?

காரோடு தருகிற சின்ன சார்ஜரை 15 ஆம்பியர் பிளக்கில் செருகலாம். ஏறக்குறைய 3 கிலோவாட் இழுக்கும். 24 யூனிட் பேட்டரி நிரம்ப எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகும். கீசர் தண்ணீர் சுட்டதும் நின்றுவிடும். ஏசி விட்டு விட்டு ஓடும். கார் மட்டும் விடிய விடிய ஒரே அளவில் இழுத்துக்கொண்டே இருக்கும். பழைய பாயிண்டில் லூஸ் கனெக்‌ஷன் இருந்தால் பிளக் பின் பழுத்து, சாக்கெட் உருகிவிடும். மெயின் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயர், தனி எம்.சி.பி. (லோடு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியரில் ஏ டைப் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) இவை கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் இணைப்பு. எங்கள் பகுதிப் பழைய வீடுகள் பலவற்றில் பிளக்கின் மூன்றாவது ஓட்டை பெயருக்குத்தான் இருக்கிறது. போர்டைக் கழற்றினால் எர்த் டெர்மினலில் வயரே இருக்காது. இருந்தாலும், எர்த்துக்காக வாசலில் புதைத்த ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) உப்பு மண்ணில் அரித்து, கையால் ஆட்டினாலே உதிரும். ஃபேனும் டிவியும் எர்த் இல்லாமலே ஓடிவிடும். கார் சார்ஜர் பெரும்பாலும் ஓடாது. சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும்.

அப்போதுதான் விபரீதம் நடக்கிறது. யாரோ வந்து சாக்கெட்டுக்குப் பின்னால் நியூட்ரலையும் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டு, "முடிஞ்சுது சார்" என்று போய்விடுகிறார்கள். சார்ஜும் ஏறும். ஆனால் என்றைக்காவது மீட்டர் பக்கமோ தெருப் பெட்டியிலோ நியூட்ரல் விட்டுப்போனால், அந்தத் துண்டு வயர் வழியாக 230 வோல்ட் காரின் பாடிக்கே வந்துவிடும். ஆர்.சி.சி.பி.யும் இல்லாத வீட்டில், மழை ஈரத்தில் வெறுங்காலோடு கார் கதவைத் தொடுகிற பிள்ளைக்கு என்ன ஆகும்? இப்படி ஒரு வயரை எங்கே கண்டாலும் அதைக் கழற்றிவிட்டுத்தான் நான் மற்ற வேலையைத் தொடுவேன். புதிதாக எர்த் பிட் (எர்த் பைப் புதைக்கும் குழி) போட்டு, எர்த் டெஸ்டரில் அளந்து, அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

அப்புறம் வெள்ளம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் நின்ற கோடு உங்கள் சுவரில் இன்னும் தெரிந்தால், சார்ஜிங் பாயிண்டை அதற்கு மேலே வையுங்கள். பேட்டரிக்கு ஐ.பி.67 என்ற தூசி, தண்ணீர் பாதுகாப்புத் தரம் இருக்கிறதே என்பார்கள். அது ஒரு மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் சோதனை. வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் நாள்கணக்கில் நிற்கிற சாக்கடைத் தண்ணீருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மூழ்கிய காரை ஆன் செய்யாதீர்கள், சார்ஜரைச் செருகாதீர்கள். டோ வண்டியில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள்.

விலையைப் பொறுத்தவரை, எலக்ட்ரிக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். சின்னப் பெட்ரோல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைத்துவிட்டார்கள். அதனால் வாங்கும் விலையில் பழைய அளவுக்குச் சாதகம் இல்லை. ஓட்டத்தில்தான் மிச்சம் பிடிக்க வேண்டும். திருவொற்றியூரிலிருந்து தினமும் கிண்டிக்குப் போய் வருகிறவர், சொந்த போர்டிகோவும் சரியான எர்த்தும் இருந்தால், புதுப் பேட்டரிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வண்டி எடுக்கிறவர் நிதானமாக இருக்கலாம்.

நாலைந்து குடித்தனம் இருக்கும் வீட்டில், தெருவில் காரை நிறுத்துகிறவர்கள் பொறுப்பதே நல்லது. ஜன்னல் வழியாகத் தெருவுக்கு வயர் இழுப்பது ஆபத்து. உள்ளே நிறுத்த இடம் இருந்தால், முதலில் வீட்டுக்காரரிடம் பேசி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மீட்டரில் லோடு போதுமா என்று ஈ.பி. ஆபீசில் கேளுங்கள். அந்த வேலையெல்லாம் முடிந்தபிறகு ஷோரூமுக்குப் போனால் போதும்.