'எர்த் இல்லை' என்று கத்தும் பெட்டியை பைபாஸ் செய்யாதீர்கள்

வட அமெரிக்காவில், காருக்குப் பின்னால் இழுத்துப்போய்த் தங்கும் கேம்பிங் டிரெய்லர்களை ரிப்பேர் செய்யும் வேலையில் இருக்கிறேன், கோடை தொடங்கிவிட்டால் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே கதைதான். புது இன்வர்ட்டர் ஜெனரேட்டர் வாங்கியாச்சு, பெட்ரோல் ஊற்றியாச்சு, ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிவிட்டது, போன் சார்ஜரை நேராக அதில் செருகினால் சார்ஜ் ஏறுகிறது. ஆனால் டிரெய்லருக்குக் கரண்ட் கொண்டுபோகும் தடித்த ஒயரை, அதாவது கார்டை, அதில் மாட்டினால் ஏசியும் ஓடவில்லை, மைக்ரோவேவும் ஓடவில்லை. விளக்கு மட்டும் எரிகிறது, ஏனென்றால் அது 12 வோல்ட் பேட்டரியில் எரிவது, ஜெனரேட்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இப்படித்தான் ஒருவர் கூப்பிட்டார். நான் போய்ச் சேர்வதற்குள் அவரே "சரி" செய்துவிட்டார், ஏசி ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டால், கார்டுக்கு நடுவே இருக்கும் பாதுகாப்புப் பெட்டியில், அதாவது வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் எர்த் இல்லாவிட்டாலும் கரண்ட்டை வெட்டிவிடும் அந்த இ.எம்.எஸ். பெட்டியில், 'எர்த் இல்லை' என்று எர்ரர் காட்டியதாம், யாரோ சொன்னார்கள் என்று பைபாஸ் சுவிட்சைத் தட்டிவிட்டாராம். அதற்காகவா இவ்வளவு காசு கொடுத்து அந்தப் பெட்டியை வாங்கினீர்கள் என்று வாய் வரை வந்தது, கேட்கவில்லை.

மல்டிமீட்டரை எடுத்து அளந்தேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120 வோல்ட், இங்கே இருக்க வேண்டிய அளவு, கச்சிதமாக இருக்கிறது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 60 சொச்சம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் அதே 60 சொச்சம். எந்த ஒயரும் அறுந்துபோகவில்லை, ஜெனரேட்டரிலும் பழுது கிடையாது. நியூட்ரலும் எர்த்தும் எங்கேயும் ஒன்று சேராமல் மிதக்கின்றன, அவ்வளவுதான். இப்படி நியூட்ரல் மிதக்கும் ஜெனரேட்டரை ஃப்ளோட்டிங் நியூட்ரல் என்பார்கள், சிறிய இன்வர்ட்டர் ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

ஏன் இது பிரச்சினை? டிரெய்லரின் பிரேக்கர் பேனலுக்குள் நியூட்ரலும் எர்த்தும் வேண்டுமென்றே தனித்தனியாகத்தான் வைக்கப்பட்டிருக்கும், இரண்டும் சேர வேண்டிய இடம் கரண்ட் புறப்படும் இடம். டிரெய்லர்களை நிறுத்தித் தங்கும் கேம்ப்கிரவுண்டில் கார்டை மாட்டினால் அவர்களுடைய சர்வீஸ் பேனலில் அந்த இணைப்பு இருக்கிறது. ஜெனரேட்டரில் மாட்டினால் ஜெனரேட்டர்தான் கரண்ட் புறப்படும் இடம், அங்கே அந்த இணைப்பு இல்லை. இப்போது ஏசிக்குள் ஒரு ஒயர் உராய்ந்து உராய்ந்து டிரெய்லரின் உலோக உடலைத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். இணைப்பு இருந்தால் பெரிய கரண்ட் பாய்ந்து பிரேக்கர் அந்த நொடியே விழுந்துவிடும், மிதக்கும் ஜெனரேட்டரிலோ எதுவும் நடக்காது. நேர்மையாகச் சொன்னால், அந்த முதல் பழுதில் உங்களுக்கு ஷாக்கும் அடிக்காது, ஏனென்றால் கரண்ட் திரும்பிப் போக வழியில்லை. அதனால்தான் 'நான் பத்து வருஷமா இப்படித்தான் ஓட்டுறேன்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வது பொய்யும் இல்லை. ஆனால் அந்தப் பழுது சத்தமே இல்லாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். இரண்டாவதாக இன்னொரு இடத்தில் இன்சுலேஷன் போனால், அல்லது அதே பழுதோடு நாளை கேம்ப்கிரவுண்டில் எர்த் சரியில்லாத ஒரு சாக்கெட்டில் மாட்டினால், ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று கதவுக் கைப்பிடியைத் தொடுகிறவருக்குத்தான் தெரியும்.

இதற்குத் தீர்வு சின்னது. ஒரு சாதாரண மூன்று முனை பிளக், அதற்குள் நியூட்ரல் முனையையும் எர்த் முனையையும் ஒரு ஒயரால் இணைத்திருப்பார்கள், ஃபேஸ் முனையில் எதுவும் இருக்காது. பாண்டிங் பிளக் என்று கேட்டால் ரெடிமேடாகவே கிடைக்கும். ஜெனரேட்டரில் காலியாக இருக்கும் இன்னொரு சாக்கெட்டில் அதைச் செருகினால் போதும், நியூட்ரல் மிதப்பது நின்றுவிடும். அவருடைய ஜெனரேட்டரில் செருகி, பைபாஸை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினோம், பெட்டி ஒன்றும் சொல்லாமல் கரண்ட்டை உள்ளே விட்டது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் பூஜ்யம் காட்டியது.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செருகக் கூடாது. உங்கள் ஜெனரேட்டர் எந்த வகை என்று முதலில் பாருங்கள். மேனுவலில் எழுதியிருக்கும், இல்லாவிட்டால் ஜெனரேட்டரை அணைத்துவிட்டு, எதையும் மாட்டாமல், மீட்டரை ஓம்ஸில் வைத்து சாக்கெட்டின் நீளமான துளைக்கும் உருண்டையான எர்த் துளைக்கும் இடையே அளக்கலாம். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் உள்ளேயே இணைத்திருக்கிறார்கள், பிளக் வேண்டாம். கசிவு பார்த்து விழும் ஜிஎஃப்சிஐ சாக்கெட் உள்ள ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் உள்ளேயே இணைத்தவைதான், அதில் இந்த பிளக்கைச் செருகினால் ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கும். இரண்டு சின்ன ஜெனரேட்டர்களைப் பேரலல் கிட்டில் சேர்த்து ஓட்டுபவர்களுக்கும் ஒரு பிளக்கே போதும். வீட்டு சாக்கெட்டிலோ கேம்ப்கிரவுண்ட் சாக்கெட்டிலோ இதை ஒருபோதும் செருகாதீர்கள். அதனால்தான் என் பிளக்குக்குச் சிவப்பு டேப் சுற்றி, ஜெனரேட்டரின் கைப்பிடியிலேயே கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன், பார்க்கக் கேவலமாகத்தான் இருக்கும்.

தரையில் செம்புக் கம்பி அடிக்க வேண்டாமா என்று கேட்பார்கள். கார்டில் மாட்டி ஒரு டிரெய்லரை மட்டும் ஓட்டும் சின்ன ஜெனரேட்டருக்குப் பொதுவாகத் தேவையில்லை, கம்பி அடித்தாலும் மேலே சொன்ன பிரச்சினை தீராது. பிரேக்கர் விழுவதற்கு வேண்டியது நியூட்ரல் இணைப்பு.

அடுத்தது அடாப்டர். வட அமெரிக்க டிரெய்லர்களில் 30 ஆம்பியர் கார்டுக்கு மூன்று முனை, டிடி-30 என்பது அந்த பிளக்கின் பெயர், அது 120 வோல்ட் மட்டுமே, மொத்தம் 3,600 வாட். பெரிய ஜெனரேட்டர்களில் திருகி மாட்டும் நாலு முனை சாக்கெட் ஒன்று இருக்கும், அது 120/240. அதிலிருந்து டிடி-30-க்கு மாற்றும் கடை அடாப்டர் இரண்டு ஃபேஸில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். வீட்டில் தானே செய்கிறேன் என்று உட்கார்ந்த ஒருவர் இரண்டு ஃபேஸையும் கொண்டுவந்துவிட்டார். டிரெய்லருக்குள் 240 வோல்ட். 12 வோல்ட் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டர், மைக்ரோவேவ், பிரிட்ஜின் போர்டு, டிவி எல்லாம் போய், மீன் கருகியதுபோல் ஒரு நாற்றம், இரண்டு நாளானாலும் போகவில்லை. அடாப்டரைக் கடையில் வாங்குங்கள், வாங்கியதையும் டிரெய்லரை மாட்டும் முன் மீட்டரால் ஒரு தடவை பாருங்கள். இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த ஒயரால் டிரெய்லரின் ஏதோ ஒரு சாக்கெட் வழியாகக் கரண்ட்டை உள்ளே தள்ளும் ஆட்களும் உண்டு. அதில் ஒரு முனை கழன்றால் கையில் இருப்பது கரண்ட் உள்ள ஃபேஸ் முனை. அதைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு விருப்பமில்லை.

இனி எல்லாரும் கேட்கும் கேள்வி, '2200 வாட் ஜெனரேட்டர் ஏசியை இழுக்குமா?' அந்த 2200 ஸ்டார்ட்டிங் கணக்கு. தொடர்ந்து தருவது 1800 சொச்சம், அதாவது 15 ஆம்பியர். 13,500 பிடியு (குளிர்விக்கும் திறனின் அளவு) ஏசி ஓடும்போது எடுப்பது 1300 முதல் 1600 வாட் வரை, ஆனால் கம்ப்ரெஸர் கிளம்பும் அந்தக் கணத்தில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கேட்கும். அங்கேதான் ஜெனரேட்டர் திணறி ஓவர்லோட் விளக்கு எரியும். சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டால் அந்த முதல் இழுப்பு நன்றாகக் குறைகிறது, பலருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஏசி கிளம்பும்போது எகானமி மோடை அணைத்துவிடுங்கள், அரைத் தூக்கத்தில் இருக்கும் இன்ஜினைத் திடீரென்று மலை ஏறச் சொன்னால் எப்படி ஏறும். மலை என்றதும் ஞாபகம் வருகிறது, உயரம் ஒவ்வொரு 300 மீட்டர் கூடும்போதும் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தி குறையும். 2,000 மீட்டரில் கேம்ப் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஓவர்லோட் ஆகிறது என்றால் நான் முதலில் பார்ப்பது பிரிட்ஜும் வாட்டர் ஹீட்டரும். கேஸிலும் கரண்ட்டிலும் ஓடும் பிரிட்ஜ் 'ஆட்டோ'வில் இருந்தால், 120 வோல்ட் வந்த உடனே யாரிடமும் சொல்லாமல் கேஸை விட்டுக் கரண்ட்டுக்குத் தாவிவிடும், ஒரு 300 வாட் போச்சு. போன கேம்ப்கிரவுண்டில் போட்ட வாட்டர் ஹீட்டர் சுவிட்ச் அப்படியே இருக்கும், அது 1,400 வாட்டுக்கு மேல். பேட்டரி இறங்கியிருந்தால் கன்வெர்ட்டர் வேறு தன் பங்குக்கு 700, 800 வாட் வாங்கிக்கொள்ளும். ஏசி போடும் முன்பே இடம் தீர்ந்துவிட்டது. அதனால் என் வழக்கம் இது: டிரெய்லரின் மெயின் பிரேக்கரை அணைத்துவிட்டு ஜெனரேட்டரைக் கிளப்பி, ஓரிரு நிமிடம் சூடாக விட்டு, கார்டை மாட்டி, அப்புறம் மெயினைப் போட்டு, ஒவ்வொன்றாக ஏற்றுவது. அணைக்கும்போது இதையே தலைகீழாக. எக்ஸ்டென்ஷன் கார்டு போட்டால் 30 ஆம்பியருக்கு 10 கேஜ் ஒயர், மெலிந்த ஒயரில் வோல்டேஜ் இறங்கி ஏசி கம்ப்ரெஸர் சூடாகும்.

நீளமான கார்டைப் பற்றிச் சொல்லக் காரணம், ஜெனரேட்டரைத் தள்ளி வைக்க வேண்டும் என்பதுதான். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை, தலைவலியும் தூக்கமும்தான் வரும், தூக்கம் வந்தால் யார் சந்தேகப்படுவார்கள். குறைந்தது 20 அடி, அதாவது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் உங்களையும் பக்கத்து டிரெய்லரையும் பார்க்காமல். நான் அடிக்கடி பார்ப்பது டிரெய்லரின் முன் நாக்கில், அதாவது வண்டியோடு கோர்க்கும் பகுதியில், கேஸ் சிலிண்டர் பக்கத்தில் தட்டுப் போட்டு ஜெனரேட்டரை உட்கார வைப்பது. தூக்கிச் சுமக்க வேண்டாம், வசதிதான். ஆனால் பெரும்பாலான டிரெய்லர்களில் படுக்கையறை சரியாக அங்கேதான் இருக்கிறது, ஜன்னலுக்கும் புகைக்கும் இரண்டு கை இடைவெளி. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், காற்று திரும்பினால் அந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வரும்.

முதலில் சொன்ன அந்த நண்பரும் அப்படித்தான் வைத்திருந்தார். இறக்கித் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போய் கார்பன் மோனாக்சைடு அலாரம் எங்கே என்று தேடினேன், சுவரில் திருகு ஓட்டைகள் மட்டும் இருந்தன. ராத்திரியில் கீச் கீச் என்று சத்தம் போட்டதால் கழற்றிவிட்டாராம். கரண்டிகள் கிடந்த டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். திருப்பிப் பார்த்தேன், அதன் ஆயுள் முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்தக் கீச் கீச் அதைச் சொல்லத்தான். புதியது வாங்கி மாட்டும் வரை ஜெனரேட்டரைத் தொட மாட்டேன் என்று சொன்னார், சொன்ன கையோடு கடைக்குக் கிளம்பினார்.