மழை நிழலா, மழை மறைவா?

தென்மேற்குப் பருவம் தொடங்கினால் போதும், வானிலை பற்றிப் பேசுபவர்கள் எல்லாம் ‘மழை நிழல் பகுதி’ என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். பள்ளிப் புவியியலில் ‘மழை மறைவுப் பகுதி’ என்றுதானே படித்தோம், அதற்கு என்ன கேடு வந்தது?

விஷயம் எளிது. கடல் ஈரத்தோடு வரும் காற்று மலையில் மோதி மேலேறி, குளிர்ந்து, மோதிய பக்கத்திலேயே மழையைக் கொட்டிவிடும். மறுபக்கம் இறங்கும்போது சூடேறி மேகம் கலைந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலைமேல் இருக்கும் மகாபலேஸ்வரத்தில் ஆண்டுக்கு 5,000 மி.மீ.க்கு மேல் பெய்யும், மலைக்குக் கிழக்கே புணேயில் 700 மி.மீ. அளவுதான். மழை குறைந்த அந்த மறுபக்கம்தான் ஆங்கிலத்தில் ரெயின் ஷேடோ. வெளிச்சத்தை மறித்தால் நிழல் விழுகிறதே, அந்த உவமை.

அந்த உவமையைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததில்தான் கோளாறு. தமிழில் மரநிழல் என்றால் மரம் தரும் நிழல், குடைநிழல் என்றால் குடை தரும் நிழல். அப்படியானால் மழைநிழல் என்பது மழை தரும் நிழலா? இங்கே மறிப்பது மலை, மழை அல்லவே! அதோடு நிழல் நமக்குக் குளிர்ச்சி, ஒதுங்கும் இடம். ‘நிழலின் அருமை வெயிலில் தெரியும்’ என்று சொல்லும் ஊரில், மானத்தைப் பார்த்துக்கொண்டு காய்ந்து கிடக்கும் நிலத்துக்குப் போய் அந்தப் பெயரை வைப்பதா? முதன்முறை கேட்பவர் நல்ல மழை பெய்து குளுகுளுவென்று இருக்கும் இடம் என்றே நினைப்பார், அது அவர் தப்பில்லை.

‘மறைவு’ என்றால் இறப்பு, அதனால் மழை செத்த இடம் என்று பொருள் வருமே என்று சிலர் கேட்கிறார்கள். சரி, அந்தப் பொருளும் உண்டு. ஆனால் விளக்கைக் காற்றுக்கு மறைவாக வை என்று வீட்டில் சொல்கிறோமே, அந்த மறைவுதான் இது. ‘மறை’ என்ற வினையிலிருந்து பிறந்தது, மழைக்கு மறைவான பகுதி, நான்காம் வேற்றுமை தொக்கி நிற்கிறது. கையிலிருக்கும் சொல்லைப் பார்க்காமல் அகராதியை மட்டும் புரட்டி மொழிபெயர்ப்பவர்களால் வரும் வினைதான் ‘மழை நிழல்’.

இன்னொன்று, மறைவு என்றால் எதற்கு மறைவு என்ற கேள்வி தானாக வரும். அது இந்த விஷயத்தில் ரொம்ப முக்கியம். கோவை தென்மேற்குப் பருவமழைக்கு மறைவு, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று பலமாக வீசும், மழை குறைவுதான். வடகிழக்குப் பருவமழைக்கு அது மறைவில்லை, அங்கே அக்டோபர், நவம்பரில்தான் மழை அதிகம். இதை ‘நிழல்’ போட்டு ஒருமுறை எழுதிப் பாருங்கள்.