ஹோம் ப்ரூயிங் ஆரம்பிக்கப் போறீங்களா? காசை எங்க போடணும், எங்க போடவே கூடாது

பியர் கம்பெனி குவாலிட்டி லேப்ல வேலை பாக்குறேன்னு சொன்னா போதும், பக்கத்துல உக்காந்திருக்கவர் போனை எடுத்து ஒரு பளபள ஸ்டீல் டேங்க் படத்தைக் காட்டி "வீட்டுல பியர் போடலாம்னு இருக்கேன், இது வாங்கலாமா"ன்னு கேப்பாரு. கூம்பு மாதிரி அடிப்பாகம், ரெண்டு மூணு வால்வு, பிரஷர் கேஜ் எல்லாம் இருக்கும். தெர்மாமீட்டர் வாங்கிட்டீங்களான்னு திருப்பிக் கேட்டா, அது அப்புறம் பாத்துக்கலாம்னு பதில் வரும். இந்த வரிசையைத் தான் மாத்தணும்னு சொல்ல வர்றேன்.

அதுக்கு முன்னாடி சட்டம். வீட்டுல காய்ச்சுறது சில நாடுகள்ல தாராளமா விட்டிருக்காங்க, சில இடத்துல லைசென்ஸ் இல்லாம செஞ்சா கேஸ். பிரிட்டன்லயே 1963 வரைக்கும் லைசென்ஸ் வேணும்னு இருந்துச்சு, அமெரிக்காவுல மத்திய சட்டம் அனுமதிச்சது 1978ல, அலபாமாவும் மிசிசிப்பியும் ஒத்துக்கிட்டது 2013ல தான். அதனால நீங்க இருக்கற இடத்துல என்ன சட்டம்னு பாத்துட்டு அப்புறம் ஆன்லைன் கார்ட்ல பொருளைச் சேருங்க. அப்புறம் நான் பேசுறது பியர் பத்தி மட்டும் தான், வடிச்சு எடுக்குற சரக்கு பத்தி இல்ல, ஆல்கஹால் ஆவி அடுப்புப் பக்கத்துல தீப்பிடிக்கும், பெரும்பாலான நாடுகள்ல அது நேரடிக் குற்றமும் கூட, அந்தப் பக்கமே போகாதீங்க.

சரி விஷயத்துக்கு வருவோம். எங்க தொழில்ல வேலையை ரெண்டாப் பிரிப்போம், ஹாட் சைடு, கோல்டு சைடு. மால்ட்ல, அதாவது முளைகட்டிக் காயவெச்ச தானியத்துல இருந்து எடுத்த இனிப்புத் தண்ணி தான் வோர்ட், அது கசப்புக்குப் போடுற ஹாப்ஸ் பூவோட கொதிச்சு முடியுற வரைக்கும் ஹாட் சைடு. அது ஆறி ஈஸ்ட் போட்டதுல இருந்து பாட்டில் மூடுற வரைக்கும் கோல்டு சைடு. ஹாட் சைடுல எந்தப் பாத்திரம் பட்டாலும் அடுத்து ஒரு மணி நேரம் கொதிக்கப் போகுது, பியரைக் கெடுக்குற கிருமி ஒண்ணும் அதுல தப்பிக்காது. கோல்டு சைடுல அந்தக் காவல் கிடையாது. காசு பத்தலைன்னா ஹாட் சைடுல சிக்கனம் பிடிங்க, கோல்டு சைடுலயும் அளக்குற கருவிலயும் செலவைக் குறைக்காதீங்க. ஆனா கடைக்காரங்க படம் பூரா ஸ்டீல் தான் மின்னும்.

அதனால வோர்ட் கொதிக்க வைக்கிற கெட்டிலுக்குன்னு தனியாச் செலவு பண்ணாதீங்க, வீட்டுல இருக்கற பெரிய ஸ்டீல் பாத்திரம் போதும், அலுமினியமும் ஓகே, ஆனா அலுமினியத்தை ப்ளீச்சோ காரமான க்ளீனரோ போட்டுக் கழுவக்கூடாது, உள்ள படிஞ்சிருக்கற ஆக்சைடு அரிச்சுப் போயிடும். எனாமல் பெயர்ந்த பாத்திரம் வேண்டாம். கொள்ளளவு மட்டும் நீங்க காய்ச்சப் போற அளவை விட ஒன்றரை மடங்கு இருக்கட்டும், ஏன்னா வோர்ட் கொதி வர்ற அந்த முதல் நிமிஷத்துல நுரை சடசடன்னு ஏறி அடுப்பு மேல வழியும், அது ஆறிட்டா சுரண்டி எடுக்கறது பெரும்பாடு.

அளவுன்னதும் ஞாபகம் வருது, கிட் விக்கிறவங்க எல்லாம் 20, 23 லிட்டர் கணக்குல தான் விப்பாங்க. நான் 5ல இருந்து 10 லிட்டருக்குள்ள ஆரம்பிக்கச் சொல்லுவேன். சாதாரண வீட்டு அடுப்பால 25 லிட்டரை நல்லாக் கொதிக்க வைக்கவே முடியாது, வெச்சாலும் ஆற வைக்க செம்புச் சுருள் சில்லர் வாங்கணும், 5 லிட்டர்னா பாத்திரத்தோட தொட்டியில ஐஸ் தண்ணிக்குள்ள இறக்கினாலே அரை மணி நேரத்துல ஆறிடும். கெட்டுப்போனாக் கீழ ஊத்தறதும் 5 லிட்டர் தான். மால்ட் எக்ஸ்ட்ராக்ட்ல, அதாவது கடையில ரெடியாக் கிடைக்குற மால்ட் சாறுல போட்டா இது போதும். தானியத்துல இருந்தே எடுக்கணும்னு ஆசைன்னா ஒரு பெரிய வலைப்பை வாங்கி அதே பாத்திரத்துக்குள்ள 65 டிகிரியில இருந்து 68 டிகிரிக்குள்ள ஒரு மணி நேரம் ஊறவெச்சு பையைத் தூக்கிடலாம். மூணு பாத்திர செட்டப் எல்லாம் இப்போதைக்குத் தேவையே இல்ல.

இனி கோல்டு சைடு. பெர்மென்ட்டருக்கு, அதாவது பியர் நொதிக்கிற பாத்திரத்துக்கு, புட் கிரேடு பிளாஸ்டிக் வாளி போதும், அடியில முக்கோணத்துக்குள்ள 2னு இருந்தா அது ஹெச்டிபிஇ, அதோட உணவுக்கானதுன்னு தனியாப் போட்டிருக்கான்னும் பாருங்க, முக்கோணம் பிளாஸ்டிக் வகையை மட்டும் தான் சொல்லும். வாசனைப் பொருள் வெச்சிருந்த வாளி ஓசியாக் கிடைச்சாலும் வேண்டாம், பிளாஸ்டிக் வாசனையை உறிஞ்சிக்கும், பியர்ல வந்து விடும். உள்பக்கம் கம்பி நார் போட்டுத் தேய்க்கறதும் கூடாது, கீறல் விழுந்தா கிருமி அதுக்குள்ள உக்காந்துக்கும், எந்த சானிட்டைசரும் அங்க சரியாப் போய்ச் சேராது. மேல நாலுல ஒரு பங்கு காலி இடம் விடுங்க, நுரைக்கு.

அடியில டேப் வெச்ச வாளி வசதி தான், ஆனா ஒண்ணு சொல்லணும். யாராவது பியர் புளிச்சுப் போச்சுன்னு எங்கிட்ட பாட்டிலைக் கொண்டு வந்தா, பாட்டில் இருக்கட்டும், அந்த டேப்பைக் கழட்டி எடுத்துட்டு வாங்கன்னு சொல்லுவேன். வெளிய பாத்தா கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கும். திருகி ரெண்டாப் பிரிச்சு உள்ள இருக்கற அந்த உருளையை வெளிய தள்ளினா, அதோட பக்கவாட்டுல பழுப்பா ஒரு வழவழப்பு ஒட்டியிருக்கும், பஞ்சுக்குச்சியால தொட்டா இழுபடும், கிட்டக் கொண்டு போனா புளிச்ச வாடை. லாக்டோபேசிலஸ், பீடியோகாக்கஸ்னு புளிக்க வைக்கிற பாக்டீரியா, கூட காட்டு ஈஸ்ட், எல்லாம் சேர்ந்து குடித்தனம். மாசக்கணக்குல வாளியைப் பளிச்சுன்னு கழுவிட்டு டேப்பை மட்டும் பிரிக்காம விட்டிருப்பாங்க. வாங்கும்போதே பிரிக்க முடியுற டேப்பான்னு கையில திருகிப் பாருங்க, முடியாதுன்னா டேப் இல்லாத வாளியும், பம்ப் பண்ணி பியரை டியூப்ல இறக்குற ஒரு ஆட்டோ சைபனும் வாங்கிக்கங்க. வாயால உறிஞ்சி டியூப்ல இறக்குறது மட்டும் கூடாது, வாய்க்குள்ள இருக்கறதும் பாக்டீரியா தான்.

ஏர்லாக், அதாவது கேஸை வெளிய விட்டு வெளிக்காத்தை உள்ள விடாத மூடிக் குழாய், சின்னப் பொருள், ஆனா எதுக்குன்னு புரிஞ்சா தான் மதிப்பீங்க. 20 லிட்டர் சாதா பியர் நொதிக்கும்போது சுமார் 400 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளிய வருது. அவ்வளவும் அந்தச் சின்னக் குழாய் வழியாத் தான் போகணும், நுரை ஏறி அடைச்சா மூடி பறந்து சுவர் பூரா பியர் தான். முதல் ரெண்டு நாளைக்கு ஏர்லாக்குக்குப் பதிலா தடிமனான டியூப் ஒண்ணு சொருகி மறுமுனையை சானிட்டைசர் தண்ணிக்குள்ள விட்டா நிம்மதி. குமிழி நின்னுருச்சு அதனால நொதிச்சு முடிஞ்சதுன்னு மட்டும் நினைக்காதீங்க, மூடி ஓரத்துல கேஸ் கசிஞ்சாலும் குமிழி வராது.

நொதிச்சு முடிஞ்சதான்னு சொல்றது ஹைட்ரோமீட்டர் தான், தண்ணியோட ஒப்பிட்டு பியர் எவ்வளவு அடர்த்தின்னு (கிராவிட்டி) காட்டும். விலை குறைஞ்ச செட்டுகள்ல முதல்ல காணாமப் போறதும் இது தான், எனக்கு இதுல கோவமே வரும். ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு ஜாடி, அவ்வளவு தான் செலவு. ஈஸ்ட் போடறதுக்கு முன்னாடி 1.050, முடிஞ்ச பிறகு 1.012னா, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131.25ஆல பெருக்கினா சுமார் 5 சதவீதம் ஆல்கஹால். ஆனா அதை விட முக்கியம், ரெண்டு மூணு நாள் இடைவெளியில எடுத்த ரெண்டு ரீடிங் ஒரே மாதிரி இருக்கணும், அப்ப தான் பாட்டில்ல ஊத்தலாம். இறங்க வேண்டிய கிராவிட்டி இன்னும் 4 புள்ளி (ஒரு புள்ளின்னா 0.001) பாக்கி இருக்கறப்போ அவசரப்பட்டு மூடிட்டீங்கன்னா, ஒவ்வொரு புள்ளிக்கும் சுமார் அரை வால்யூம் கேஸ் கணக்குல (ஒரு லிட்டர் பியர்ல ஒரு லிட்டர் கேஸ்னா ஒரு வால்யூம்), பாட்டில்ல கேஸ் ஏற சர்க்கரை போட்டு வர்ற 2.5 வால்யூமோட சேர்த்து உள்ள கேஸ் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆயிடும். அதுக்கு அந்த பாட்டில் செய்யப்பட்டது இல்ல. புதுசா வாங்கினதும் 20 டிகிரி வெறும் தண்ணியில போட்டுப் பாருங்க, 1.000 காட்டணும், இல்லேன்னா எவ்வளவு தள்ளிக் காட்டுதுன்னு எழுதி வெச்சு ஒவ்வொரு தடவையும் கழிச்சுக்கங்க. சாம்பிளைத் திரும்ப வாளிக்குள்ள ஊத்தாதீங்க, குடிச்சுப் பாருங்க. வெளிச்சம் வளையுறதை வெச்சு சர்க்கரையை அளக்குற ரிஃப்ராக்டோமீட்டர் ஒரு சொட்டு போதும்னு ஆசை காட்டும், ஆனா ஆல்கஹால் கலந்த பிறகு அது நேரடியாக் காட்டுற நம்பர் தப்பு, திருத்தக் கணக்கு போடணும், முதல் கருவியா அது வேண்டாம்.

அடுத்தது தெர்மாமீட்டர். ஏல்னு சொல்ற பியர் வகைக்குப் போடுற ஈஸ்ட் பெரும்பாலும் 18ல இருந்து 22 டிகிரியில தான் ஒழுங்கா வேலை செய்யும், அது வாளிக்குள்ள இருக்கற சூடு, ரூம் சூடு இல்ல, நொதிக்கும்போது ஈஸ்ட்டே சூடு கிளப்பி உள்ள ரெண்டு மூணு டிகிரி கூடவே இருக்கும். முதல் மூணு நாள் சூடு எகிறிச்சுன்னா பெயின்ட் தின்னர் மாதிரி ஒரு காட்டம் வரும், அப்புறம் எவ்வளவு நாள் வெச்சாலும் போகாது. வாளி மேல ஒட்டுற ஸ்ட்ரிப் தெர்மாமீட்டர் ஒண்ணு, வாளியைத் தண்ணித் தொட்டிக்குள்ள வெச்சு உறைஞ்ச தண்ணி பாட்டில் காலை சாயங்காலம் மாத்திப் போடறது, இது போதும். சூடான இடத்துல இருக்கறவங்களுக்கு நார்வே பண்ணை ஈஸ்ட், க்வெய்க்னு சொல்லுவாங்க, அது 30 டிகிரிக்கு மேலயும் சுத்தமா நொதிக்கும், பிரிட்ஜ் வாங்குற செலவே மிச்சம். லாகர்னு சொல்ற, குளிர்ல நொதிக்கிற பியர் போடணும்னா 8ல இருந்து 13 டிகிரி வேணும், அதை முதல் வருஷத்துக்கு மறந்துடுங்க.

சானிட்டைசர்ல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, ஆனா சானிட்டைசர் அழுக்கை எடுக்காதுங்கறதும் தெரிஞ்சிருக்கணும், முதல்ல சோடியம் பெர்கார்பனேட் மாதிரி க்ளீனர் போட்டுக் கழுவணும், அப்புறம் தான் ஆசிட் சானிட்டைசரோ, அயோடின் சானிட்டைசரான அயோடோஃபாரோ. இந்த ரெண்டு சானிட்டைசர்ல எதையாவது ஒண்ணை தண்ணியில சரியான அளவுல கலக்கினா மறுபடி அலச வேண்டியதில்ல, நுரை ஒட்டியிருந்தாலும் பயப்படாதீங்க. ப்ளீச் மலிவு தான், ஆனா சரியா அலசலைன்னா குளோரோபினால் உருவாகி பியர் மருந்து வாடை அடிக்கும், ஸ்டீலையும் அரிக்கும், முக்கியமா ப்ளீச்சோட ஆசிட் கலந்தா குளோரின் வாயு வரும், அது விஷம். ரெண்டும் ஒரே அலமாரியில கூட வேண்டாம்னு தான் சொல்லுவேன்.

கெட்டுப்போன பியர் குடிச்சா ஆபத்தான்னு அடிக்கடி கேக்குறாங்க. நல்லா நொதிச்ச பியர்ல ஆல்கஹால் இருக்கு, ஹாப்ஸ் இருக்கு, புளிப்பும் இருக்கு, நோய் உண்டாக்குற பாக்டீரியாவுக்கு அது வாழுற இடம் இல்ல. நாக்குக்குத் தான் தண்டனை. ஆபத்து வேற பக்கத்துல இருந்து வரும். டயஸ்டாட்டிகஸ்னு ஒரு ஈஸ்ட் வகை இருக்கு, சாதா ஈஸ்ட் தொடாம விடுற டெக்ஸ்ட்ரின்ங்கற நீளமான சர்க்கரைச் சங்கிலியையும் உடைச்சுத் தின்னும், மூடின பாட்டிலுக்குள்ள வாரக்கணக்குல மெதுவா கேஸ் ஏத்திக்கிட்டே இருக்கும், கண்ணாடி வெடிச்சா கண்ணே போயிடும். எங்க லேப்ல நாங்க ரொம்ப பயப்படுற ஆளு இது தான்.

அதனால பாட்டில் விஷயத்துல ஓசி பாக்கலாம், ஆனா யோசிச்சு பாக்கணும். பியர் வந்த கனமான பழுப்பு பாட்டில் நல்லது, வெளிச்சம் பட்டா ஹாப்ஸ் உடைஞ்சு நாத்தம் வரும், பழுப்பு தான் அதைத் தடுக்கும். கையால திருகித் திறக்குற வாய் உள்ளதும், கேஸ் இல்லாத ஒயின் வந்த மெல்லிசு பாட்டிலும், அலங்காரச் சதுர பாட்டிலும் வேண்டாம். சோடா வந்த பெட் பாட்டில் முதல் தடவைக்கு அருமை, அமுக்கிப் பாத்தாலே கேஸ் எவ்வளவு ஏறியிருக்குன்னு தெரியும், வெடிச்சாலும் கண்ணாடி பறக்காது. சர்க்கரையை ஸ்பூன்ல அளக்காதீங்க, கிராம் காட்டுற சின்னத் தராசு வாங்கி லிட்டருக்கு 6 கிராம் சாதா சர்க்கரை, கொதிக்க வெச்ச கொஞ்சம் தண்ணியில கரைச்சு மொத்த பியர்லயும் மெதுவாக் கலந்து ஊத்துங்க. மூடி அடிக்க ரெண்டு கைப்பிடி கேப்பர் போதும், மூடி 26 மில்லிமீட்டரா 29ஆன்னு பாட்டிலோட சரிபாத்து வாங்குங்க.

கெக்னு சொல்ற பியர் பீப்பாய், சில்லர், தானியம் அரைக்குற மில், புளிப்பை அளக்குற பிஹெச் மீட்டர் எல்லாம் பின்னாடி. பிஹெச் அளவீடே 1909ல சோரென்சன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்துல கொண்டு வந்தது தான், பியர்க்காரங்க சொத்து மாதிரி, இருந்தாலும் புதுசா ஆரம்பிக்கறவருக்கு அது வேண்டாம்.

பழசு வாங்கலாமான்னா, பாத்திரம், கேப்பர், பாட்டில், ஸ்டீல் எதுவா இருந்தாலும் தாராளமா வாங்குங்க. பழைய பிரிட்ஜ் கிடைச்சு ஒரு டெம்ப்ரேச்சர் கன்ட்ரோலர் மாட்டினீங்கன்னா அந்த ஸ்டீல் டேங்கை விட உங்க பியரை அது தான் மாத்தும். பெரிய கண்ணாடி ஜாடி மட்டும் வேண்டாம், ஈரக்கையில வழுக்கி உடைஞ்சா ஆழமா வெட்டும், தையல் போட ஓடினவங்க கதை இந்தத் தொழில்ல நிறைய உண்டு. பழைய வாளி வந்தா உள்ள டார்ச் அடிச்சு கீறல் பாருங்க, இருந்தா அதுல பொருள் போட்டு வெச்சுக்கங்க, டியூப்பும் டேப்பும் எவ்வளவு புதுசாத் தெரிஞ்சாலும் தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டிக்கங்க.